மொழி புரியாத அனிமே பாட்டுக்கு ஏன் கண் கலங்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 'அனோஹானா' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்துப் பல மாதம் ஆகிவிட்டது, ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் அதன் முடிவுப் பாட்டு பேருந்தில் காதில் விழுந்தாலே கண் நிறைந்துவிடுகிறது. அதையே கேட்ட நண்பர் 'நல்ல மெட்டு, அவ்வளவுதான்' என்கிறார். அப்படியானால் அழவைப்பது மெட்டா, குரலா, கதையா? இதை ஜப்பானிய மொழியிலேயே பாடப் பழக முடியுமா? இவற்றுக்கு அடியில் சொல்லாத கேள்வி ஒன்றும் தெரிகிறது: சாதாரண மெட்டுக்கு நான்தான் அதிகமாக உருகுகிறேனோ என்பது. அப்படி இல்லை. நீங்களும் நண்பரும் கேட்பது ஒரே பாட்டே அல்ல; ஏன் என்று சொல்கிறேன். 'அனோஹானா', 'மடோகா மேஜிகா', 'டீமன் ஸ்லேயர்' மூன்றின் கதைத் திருப்பங்களையும் தொட வேண்டியிருக்கும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் அளவைக் கவனியுங்கள். தொலைக்காட்சி அனிமேயில் தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஏறக்குறைய 90 விநாடிதான். முழுப் பாட்டு 4, 5 நிமிடம் ஓடும். அதிலிருந்து இந்த 90 விநாடிக்கு என்று தனியாக ஒரு வடிவம் செய்வார்கள். ஜப்பானில் பாட்டின் பகுதிகளுக்கு ஏ-மெரோ, பி-மெரோ, சபி என்று பெயர். ஏ-மெரோ மெதுவாகப் பேச்சுபோல் தொடங்கும், பி-மெரோ ஏறிக்கொண்டே போகும், சபியில் திறந்து கொட்டும். நம் பல்லவியை அவர்கள் கடைசியில் வைப்பதுபோல் என்று கொள்ளலாம். நிமிடத்துக்கு 80 தட்டு போகும் மெதுவான பாட்டில், நாலு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 3 விநாடி ஆகும். ஆகவே 90 விநாடிக்கு மொத்தம் 30 சுற்றுதான் கிடைக்கும். முன்னிசைக்கு 4, ஏ-மெரோவுக்கு 8, பி-மெரோவுக்கு 8, சபிக்கு 8, முடிப்புக்கு 2 என்று பிரித்தால் தீர்ந்தது. வீணாக்க ஒரு சுற்றுகூட இல்லை. 60 விநாடி காத்திருந்து கடைசி 25 விநாடியில் கொட்டித் தீர்க்கும் இந்த அமைப்பை ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் கேட்கிறோம். 11 அத்தியாயம் கொண்ட 'அனோஹானா'வில் முடிவுப் பாட்டு மொத்தம் 16 நிமிடச் சொச்சம். ஒரே ஒரு முறை 16 நிமிடம் கேட்பதும், 11 முறை ஒவ்வொரு கதைத்துண்டின் முடிவிலும் கேட்பதும் ஒன்றல்ல.

இனி உங்கள் பாட்டு. 'சீக்ரெட் பேஸ்' அனிமேக்காக எழுதப்பட்டதே இல்லை. ஹொக்கைடோவின் சப்போரோவிலிருந்து வந்த ஸோன் என்ற பெண்கள் இசைக்குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட பாட்டு அது. கோடை விடுமுறை முடிகிறது, நண்பர் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார், 10 ஆண்டு கழித்து ஓர் ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நம்பிப் பிரிகிறார்கள். பாட்டின் பொருள் இவ்வளவுதான். 2011 ஏப்ரலில் 'அனோஹானா' ஒளிபரப்பானபோது இதையே முடிவுப் பாட்டாக எடுத்து, '10 ஆண்டுகளுக்குப் பின்' என்ற குறிப்போடு புதிதாகப் பாடவைத்தார்கள். 2001-இல் பள்ளியில் இதைப் பாடித் திரிந்த ஜப்பானியக் குழந்தைக்கு 2011-இல் 20 வயதை ஒட்டியிருக்கும். பாட்டு சொன்ன அந்த 10 ஆண்டு அவர்கள் வாழ்க்கையில் உண்மையிலேயே கடந்திருந்தது. ஜப்பானில் அந்தப் பாட்டு அப்படித் தாக்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். நமக்கு அந்தப் பழைய நினைவு கிடையாது, ஆகவே இந்தக் காரணம் உங்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்குப் பொருந்துவது, யார் பாடுகிறார்கள் என்பது. பாடியவர்கள் கயானோ ஐ, தொமத்சு ஹருகா, ஹயாமி சஓரி. கதையில் மென்மா, அனாரு, ட்சுருகோ மூவருக்கும் குரல் கொடுத்தவர்கள் இவர்கள்தான். மென்மா சிறுவயதிலேயே இறந்துவிட்டவள். அவள் ஆவியைப் பார்ப்பதும் கேட்பதும் 'ஜின்தான்' என்ற நண்பன் ஒருவன் மட்டுமே. அனாருவுக்கும் ட்சுருகோவுக்கும் அவள் குரல் காதில் விழாது. ஒவ்வொரு அத்தியாயமும் அந்தக் கேளாமையைப் பற்றியதுதான். அத்தியாயம் முடிந்த உடனே அதே மூன்று குரலும் ஒரே மெட்டில், ஒரே சொல்லில் சேர்ந்து பாடுகின்றன. கதைக்குள் நடக்க முடியாதது பாட்டுக்குள் நடக்கிறது. உங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாமல் இருக்கலாம், ஆனால் 11 அத்தியாயமும் கேட்ட காதுக்கு மென்மாவின் குரலை அடையாளம் தெரியும். பெயரைச் சொல்லி யோசிக்காமலேயே, இல்லாத ஒருத்தி மற்றவர்களோடு பாடுகிறாள் என்று காது கண்டுகொள்கிறது. நண்பருக்கு அவை மூன்று பெண் குரல்கள், அவ்வளவே. பாட்டின் தலைப்புக்கு 'ரகசியத் தளம்' என்று பொருள். கதையில் சிறுவர்கள் காட்டுக்குள் வைத்திருக்கும் குடிலும் அதுவே. ஊரை விட்டுப் போகிற தோழியைப் பற்றிய பாட்டு, உலகத்தை விட்டுப் போன தோழியைப் பற்றியதாக மாறிவிட்டது. அதற்காக ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கைவேலையும் அதில் உண்டு. முடிவுப் பாட்டு எழுத்துகள் ஓடத் தொடங்கிய பிறகு ஆரம்பிப்பதில்லை. கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வசனத்துக்கு அடியில், முன்னிசை மெல்ல நுழைகிறது. காட்சி உச்சத்துக்குப் போகும் அந்தச் சில விநாடிகள் முன்னிசையோடு ஒட்டிக்கொள்கின்றன. வாரம் தவறாமல் இப்படி ஒட்டினால் முன்னிசையின் முதல் ஒலியே அழுகைக்கு மணியடிக்கும். பேருந்தில் உங்களுக்கு நடப்பது இதுதான்: சொல் எதுவும் வருவதற்கு முன்னாலேயே தொண்டை அடைத்தால், அது பாட்டின் பொருளால் வருவதல்ல, இந்த ஒட்டலால் வருவது. இதனால்தான் செயலியில் 'அடுத்த அத்தியாயம்' தானாக ஓடும்படி வைத்திருப்பவர்கள் பெரிய இழப்பைச் சந்திக்கிறார்கள். எழுத்து ஓடத் தொடங்கியதும் படம் மூலைக்குச் சுருங்கிவிடுகிறது, பாட்டு பாதியில் அறுபடுகிறது. அமைப்புகளில் அந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். தொடக்கப் பாட்டைத் தாண்டும் பொத்தானையும் தொடாதீர்கள், முக்கியமாக அடுத்துச் சொல்லப்போகும் தொடருக்கு.

'மடோகா மேஜிகா' 2011 ஜனவரியில் தொடங்கியது. அதன் தொடக்கப் பாட்டு 'கனெக்ட்'; பாடியவர்கள் கிளாரிஸ். கொடுத்த வாக்கை மறக்க மாட்டேன் என்று தொடங்கும் துள்ளலான பாட்டு. திரையில் மடோகாவின் படங்கள் ஓடுவதால் அவள் பாடுவதாகவே 9 அத்தியாயம் வரை எடுத்துக்கொள்கிறோம். 10-ஆம் அத்தியாயத்தில் அந்தப் பாட்டு தொடக்கத்தில் வராமல் முடிவில் வருகிறது. மடோகாவைக் காப்பாற்ற அவள் தோழி ஹோமுரா காலத்தை எத்தனை முறை திருப்பினாள் என்று அதற்குள் தெரிந்துவிடுகிறது. வாக்குக் கொடுத்தவள் ஹோமுரா; இத்தனை வாரமும் பாட்டில் பேசியது அவள்தான் என்று புரிகிறது. ஜப்பானிய மொழியில் இது எளிதாகச் சாத்தியமாவதற்கு இலக்கணமே துணை நிற்கிறது. நம் வினைமுற்று 'போனேன்', 'போனாள்' என்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினை தன்மை, முன்னிலை, படர்க்கை எதையும் காட்டாது. எழுவாயையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். யார் யாருக்குச் சொல்கிறார் என்பதைக் கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். தமிழாக்கத்திலோ ஆங்கில வசனவரியிலோ ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அங்கேயே பாதி போய்விடும்.

வழக்கத்தை உடைப்பதும் ஒரு வழி. 'டீமன் ஸ்லேயர்' முதல் பருவத்தின் 19-ஆம் அத்தியாயம் 2019 ஆகஸ்ட் 10 அன்று ஒளிபரப்பானது. 18 வாரம் கேட்டுப் பழகிய முறையை விட்டுவிட்டு, சண்டையின் உச்சத்திலேயே ஷீனா கோவின் இசையில் நகாகாவா நமி பாடும், கதாநாயகன் தஞ்சிரோவின் பாட்டு புகுந்தது. அந்தத் தொடரின் முரட்டு ஒலிக்குப் பழகிய காதுக்கு அது தாலாட்டுபோல் இருக்கிறது. வாள் வீசுகிற காட்சிக்கு மேல் தாலாட்டு வரும்போது சண்டையைப் பார்ப்பதை மறந்து, தஞ்சிரோவும் அவன் தங்கையும் உயிரோடு இருந்தால் போதும் என்று மனம் கெஞ்சத் தொடங்குகிறது. அதே பாட்டு முதல் அத்தியாயத்திலிருந்தே வந்திருந்தால் இந்த அளவுக்குத் தைத்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

சரி, மெட்டுக்குப் பங்கே இல்லையா? உண்டு, அதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். கீபோர்டில் 'சி' கட்டையை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். இடதுகையில் ம-த-ச (எஃப்), பிறகு ப-நி-ரி (ஜி), பிறகு க-ப-நி (இ மைனர்), பிறகு த-ச-க (ஏ மைனர்), ஒவ்வொன்றும் 4 தட்டு. இதை ஜப்பானில் ஓதோ ஷின்கோ, அதாவது 'ராஜபாட்டைப் போக்கு' என்பார்கள். இரண்டாவது கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுவரக் கூட்டு) வந்ததும் காது அடுத்து ச-க-ப, அதாவது பாட்டு ஓய்ந்து நிற்கும் வீடு, வரும் என்று நிற்கும். வருவது க-ப-நி. வீட்டின் மூன்று சுவரத்தில் கவும் பவும் இருக்கின்றன, ச மட்டும் அரைப்படி கீழே இறங்கி நி ஆகிவிட்டது. வாசல் வரை வந்தாயிற்று, கதவு திறக்கவில்லை. அடுத்த த-ச-கவில் ச வருகிறது, ஆனால் சோகமான ஒரு கார்டுக்கு நடுவில் வருகிறது. நாலும் முடிந்து மறுபடி மவுக்கே போகும்; வீடு வருவதே இல்லை. முதல் கார்டில் மேலே ஒரு கவைச் சேர்த்து ம-த-ச-க என்று வாசித்தால் அந்த உரசல் இன்னும் தெளிவாகக் கேட்கும். பலருக்கு இங்கே நேரும் தவறு, சுற்றை முடித்து வைக்கிறேன் என்று கடைசியில் ச-க-பவில் நிறுத்திவிடுவது. நிறுத்தினால் ஏக்கம் அந்த விநாடியே வடிந்துவிடும்.

இந்தப் போக்கு ஜப்பானுக்கே உரியது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. மேற்கத்திய பாப் பாட்டிலும் இது உண்டு. ஜப்பானில் அடிக்கடி வருகிறது, அவ்வளவே. ஜப்பானிய ஐஞ்சுவர அளவுகோல்தான் சோகத்துக்குக் காரணம் என்பதும் நிற்காது. அவர்களுடைய யோனானுகி மேஜர் அளவுகோலில் நாலாவதும் ஏழாவதும் இல்லை. எஞ்சுவது ச-ரி-க-ப-த, நம் மோகனத்தின் சுவரங்கள். மோகனம் கேட்டு நாம் அழுவதில்லை. மைனரில் இருந்தால்தான் சோகம் என்பதும் அப்படித்தான். 'சீக்ரெட் பேஸ்' மேஜரில் இருக்கிறது.

ஆய்வுகளில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் உண்டு, சொல்ல முடியாததும் உண்டு. 1991-இல் இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 83 பேரிடம், எந்த இசையின் எந்த இடத்தில் அழுகை வந்தது என்று கேட்டார். கார்டுக்கு ஒட்டாத ஒரு சுவரம் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்று, பிறகு ஒட்டும் சுவரத்துக்கு இறங்கும் இடங்களைக் கண்ணீரோடு பலர் இணைத்தார்கள். 2011-இல் சலிம்பூர் குழுவினர் மூளைப் படத்தின் மூலம், சிலிர்ப்பு வருவதற்குச் சற்று முன் எதிர்பார்ப்பிலேயே டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரக்கிறது என்றும், உச்சத்தில் வேறொரு பகுதியில் சுரக்கிறது என்றும் காட்டினார்கள். இது முன்னிசை கேட்டதுமே தொண்டை அடைப்பதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 8 பேர், கேட்டது அவர்களே தேர்ந்தெடுத்த சொல்லில்லா இசை. அனிமே பாட்டுக்கு அப்படியே நீட்டுவது ஊகம்தான். சோக இசை கேட்டால் ஆறுதல் தரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது என்று இணையத்தில் அடித்துச் சொல்வார்கள். அது ஒரு கருதுகோள், நிறுவப்பட்ட உண்மை அல்ல. 2014-இல் தருஃபியும் கோல்ஷும் 772 பேரிடம் எடுத்த ஆய்வில், சோக இசை அதிகம் எழுப்பிய உணர்வு சோகம் அல்ல, கடந்துபோனதன் மீதான ஏக்கம் என்று வந்தது. ஜப்பானிய மொழியில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: செட்சுனாய். இனிப்பும் வலியும் சேர்ந்து நெஞ்சைப் பிசைவது. உங்கள் பாட்டிலேயே வாணவேடிக்கை இரவு வானத்தில் பூக்கும் இடத்தில் அந்தச் சொல் வருகிறது.

உங்களுக்கு எது எவ்வளவு வேலை செய்கிறது என்று நீங்களே பிரித்துப் பார்க்கலாம். ஜப்பானிய சிங்கிள் வட்டுகளில் குரல் நீக்கிய வடிவமும் இருப்பது வழக்கம். அதை முதலில் கேளுங்கள். குரல் இல்லாமலேயே கண் கலங்கினால் ஒட்டலின் பங்கும் மெட்டின் பங்கும் பெரிது. வறண்டு போனால் குரல்தான் உங்கள் கதவு. அடுத்த நாள் (ஒரே நாளில் வேண்டாம், காது மரத்துவிடும்) முழுப் பாட்டின் இரண்டாம் சரணத்தை மட்டும் கேளுங்கள். 90 விநாடி வடிவத்தில் அது இல்லாததால் எந்தக் காட்சியும் அதோடு ஒட்டியிருக்காது. அங்கும் உருகினால் பாட்டே உங்களைத் தொடுகிறது என்று பொருள். பிறகு ஸோனின் 2001 வடிவம். அது அதே பாட்டு, மென்மா இல்லாமல். இந்த மூன்றாவது சோதனையில் பலர் திகைத்துப் போவார்கள். பொதுவாக இத்தகைய முழுப் பாட்டுகளில் கடைசி சபிக்கு முன் வாத்தியங்கள் எல்லாம் விலகிக் குரல் மட்டும் நிற்கும் இடம் ஒன்று வரும்; அதற்கு ஒதோஷி-சபி என்று பெயர். தொடரைப் பார்த்து முடித்த பிறகே அந்த இடத்தை முதல்முறை கேளுங்கள்.

பாடுவதற்கு: தமிழ் தெரிந்தவருக்கு இது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட எளிது, ஏனென்றால் நமக்கு மாத்திரை தெரியும். ஜப்பானியப் பாட்டில் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2 என்று அளவு உண்டு. நம்மோடு முரண்படும் இடம் மெய்யெழுத்து. நமக்கு மெய்க்கு அரை மாத்திரை. அவர்களுக்குச் சொல் நடுவில் வரும் 'ன்' ஒலிக்கும், இரட்டிக்கும் வல்லின மெய்க்கும் முழுதாக ஒன்று. 'நம்பி' என்று பொருள்படும் 'ஷின்ஜிதே'யை ஷி-ன்-ஜி-தே என்று 4 தட்டாகத்தான் விரிக்க வேண்டும்; 3-இல் அடைத்தால் வரி முன்னாலேயே முடிந்து, அடுத்த வரிக்கு வெறுமனே காத்து நிற்பீர்கள். நன்றிக்கான சொல்லை நம்மவர்கள் 'அரிகாட்டோ' என்று காவை நீட்டி, டவை இரட்டித்துப் பாடுவார்கள். அது அ-ரி-க-தோ, நீட்டல் கடைசியில் மட்டும். ரோமன் எழுத்தை நம்பாமல் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், குறிலும் நெடிலும் தவறாது. ஆனால் சொல் நடுவில் வரும் ஒற்றை வல்லினத்தை நாம் இயல்பாகவே மென்மையாக்கிவிடுவோம் என்பதால், அழுத்தி ஒலிக்க வேண்டிய க, த, ப மீது சிவப்பில் கோடு போட்டுவையுங்கள். ஓட்ட வேகத்தை 0.75-இல் வைத்து முதலில் பாடாமல் தாளத்தில் சொல்லுங்கள், பிறகு மெட்டு.

கமகம் வேண்டாம். நம் தொண்டை தானாகவே வளைக்கும். இங்கே அந்த மூவரும் ஏறக்குறைய பள்ளிச் சிறுமிகள் பாடுவதுபோல் சுவரத்தை நேராக வைக்கிறார்கள், அதில்தான் அதன் குழந்தைமை இருக்கிறது. பியானோவை மட்டும் வைத்து வேகத்தைப் பாதியாக்கி உருகிப் பாடும் பதிவுகளைப் பின்பற்றாதீர்கள். இந்தப் பாட்டில் தாளம் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது, பாடுகிறவர்கள்தான் போக மனமில்லாமல் நிற்கிறார்கள். தாளத்தை எடுத்துவிட்டால் அந்த இழுபறியும் போய்விடும். சபியில் தொண்டை அடைத்தால் பாடுவதை நிறுத்தாமல் ஒலியளவை மட்டும் குறைத்துக்கொண்டு சொற்களைத் தொடருங்கள். இரண்டு சுற்றுக்குள் மூச்சு திரும்பிவிடும்.